நிழல் வேறு, நிறம் வேறு

மரக்காணம் உப்பளத்தின் படம் ஒன்றையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எடுக்கிற படம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சென்னையிலிருந்து கூட்டமாக வந்து எடுக்கிற படம். போட்டிக்குப் போகிறது, காலண்டருக்குப் போகிறது, மே மாதம் முதல் தேதியானால் வாட்ஸாப்பில் வாழ்த்து அட்டையாகச் சுற்றுகிறது. எத்தனை பேர் எடுத்திருந்தாலும் என் கணக்கில் அது மொத்தம் இரண்டே படம்தான்.

முதல் படத்தில் சூரியன் அப்போதுதான் எழுந்திருக்கிறது. வானம் ஆரஞ்சு. பாத்தியில் தேங்கிய நீரிலும் அதே ஆரஞ்சு. நடு வரப்பில் தலையில் கூடையோடு ஒரு பெண் நடந்து போகிறாள். அவள் முழுக்கக் கருப்பு. கண் இல்லை, மூக்கு இல்லை, சேலைக்கு நிறம் இல்லை. கத்தரித்து ஒட்டிய காகிதம்.

இரண்டாவது படம் உச்சி வெயிலில் எடுத்தது. அதில் எல்லாமே தெரிகிறது. மேகத்தின் ஒவ்வொரு சுருளும், குவியலில் ஒவ்வொரு உப்புக் கல்லும், கூடையின் பின்னலும். அந்தப் பெண்ணின் முகமும் தெரிகிறது. ஆனால் அது வெயிலில் நிற்கிற முகமாக இல்லை. விபூதிப் பையில் முக்கி எடுத்தது போல ஒரு சாம்பல் பூத்திருக்கிறது. வியர்வை இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு.

முதலாவதை எடுத்தவர் நிழலை அப்படியே விட்டுவிட்டார். இரண்டாவதை எடுத்தவர் நிழலை 'மீட்டு'விட்டார். லைட்ரூமில் ஷேடோஸ் என்று ஒரு பட்டை இருக்கிறது. வலது கோடிக்கு இழுத்தால் இருட்டில் கிடந்த விவரமெல்லாம் மேலே வரும். ஹைலைட்ஸ் என்று இன்னொன்று. இடது கோடிக்கு இழுத்தால் வெளுத்துப்போன இடத்தில் விவரம் திரும்பும். யூடியூபில் எடிட்டிங் சொல்லித்தருகிற எந்தத் தம்பியைக் கேட்டாலும் முதல் பாடம் இதுதான்: ஹைலைட்ஸ் மைனஸ் 100, ஷேடோஸ் ப்ளஸ் 100. நான் விழுப்புரத்தில் கல்யாண ஆல்பங்களுக்குக் கலர் கரெக்‌ஷன் செய்து பிழைக்கிறவன். அதற்கு முன்னால் திண்டிவனத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஆறு வருஷம். ஒரு நாளைக்கு இந்த இரண்டு பட்டைகளையும் எத்தனை தடவை தொடுகிறேன் என்று எண்ணியதில்லை. அந்த உரிமையில் சொல்கிறேன்: மரக்காணத்தின் அந்த இரண்டு படங்களும் ஒரே படம்தான். அந்தப் பெண்ணின் தோலை இரண்டு பேருமே நிழல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

*

கொஞ்சம் கணக்கு பார்க்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், பெரிய கணக்கு இல்லை.

வெளிச்சம் இரண்டு மடங்கானால் அது ஒரு ஸ்டாப். புதிதாக வாரிய உப்பு தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80, 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். நல்ல கருத்த தோல் 10 சதவீதம், அல்லது அதற்கும் கீழே. ஆக, இரண்டும் ஒரே வெயிலில் நின்றாலே இடையில் மூன்று ஸ்டாப் வித்தியாசம். ஆள் சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால் இன்னும் இரண்டு மூன்று. மொத்தம் ஆறு என்று வைத்துக்கொள்வோம். இன்று சந்தையில் இருக்கிற நல்ல கேமரா ஒரே கிளிக்கில் 12 ஸ்டாப்பாவது பதிவு செய்யும். மரக்காணத்து உச்சி வெயில் அதற்குள் தாராளமாக உட்காரும். "வெளிச்சம் அப்படி சார், சிலூயட் தவிர வேற வழி இல்ல" என்று சொல்கிறவர்கள் இயற்பியலைத் துணைக்கு அழைக்க முடியாது. அது அவர்கள் தேர்ந்தெடுத்தது.

ஆனால் இந்த ஆறு ஸ்டாப்பும் கேமராவுக்குள் சமமாக நடத்தப்படுவதில்லை. 14 பிட் ரா ஃபைலில் மொத்தம் 16384 படிகள். சென்சார் வெளிச்சத்தை நேர்க்கோட்டில் எண்ணுவதால், அதிகம் வெளிச்சமான ஸ்டாப்புக்கே பாதி போய்விடும்: 8192. அடுத்ததற்கு 4096. இப்படிப் பாதி பாதியாக இறங்கி ஆறாவது ஸ்டாப்புக்கு வரும்போது கையில் இருப்பது 256. உப்பின் வெண்மையைச் சொல்ல எட்டாயிரம் படி, அதே படத்தில் முகத்தைச் சொல்ல இருநூற்றுச் சொச்சம். இதில் யாருடைய சதியும் இல்லை. எண்ணுகிற முறை அப்படி.

இதற்கு மேல் ஒளியின் குணம் ஒன்று இருக்கிறது. ஒளித்துகள்கள் மழைத்துளி மாதிரி தாறுமாறாக விழுகின்றன. ஒரு புள்ளியில் 10000 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100; ஒரு சதவீதம். 100 துகள்தான் விழுந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10, பத்து சதவீதம். இருட்டை மேலே தூக்கும்போது முகத்தில் மணல் தூவினது போலத் தெரிவது இதனால்தான். கேமரா மீட்டர் வேறு தன் பங்குக்கு ஒன்று செய்யும். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பது அதன் சுபாவம். வெள்ளை வெளேர் என்று உப்பளத்தைக் காட்டினால் 'ரொம்ப வெளிச்சம்' என்று எக்ஸ்போஷரைக் குறைத்துவிடும். உப்பு சாம்பலாகும். முகம் இன்னும் இரண்டு ஸ்டாப் கீழே போகும், இன்னும் குறைந்த படிகளுக்கு.

அதனால் மீட்பு என்ற சொல்லையே நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். பட்டையை இழுப்பதால் எதுவும் புதிதாக வருவதில்லை. ஷட்டர் விழுந்தபோது யாருக்காக எக்ஸ்போஸ் செய்தோம் என்பது அங்கேயே முடிந்துவிட்டது. மைக்கேல் ரைக்மன் என்ற கனடாப் புகைப்படக்காரர் 2003-ல் ஒரு யோசனையைப் பரப்பினார்: ஹிஸ்டோகிராமை வலது பக்கமாகத் தள்ளி எக்ஸ்போஸ் செய்யுங்கள், வெள்ளை எரிவதற்கு ஒரு நூல் முன்னால் நிறுத்துங்கள் என்று. அவர் யோசித்தது நாய்ஸைப் பற்றி. மரக்காணத்தில் அதைச் செய்தால் அது ஒரு முகத்துக்குக் கொடுக்கிற இடமாகவும் ஆகிவிடுகிறது. அப்படிச் செய்யும்போது உப்பில் வெயில் பட்டுத் தெறிக்கிற சில புள்ளிகள் எரியும். எரியட்டும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் அது கண்ணைக் கூசத்தான் செய்கிறது.

தூத்துக்குடி உப்பளங்களில் எம். பழனிக்குமார் எடுத்த படங்கள் 'பாரி' இணையதளத்தில் இருக்கின்றன. மலக்குழித் தொழிலாளர்களைப் பற்றிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவர். அந்த உப்பளப் படங்களில் வருகிறவர்களுக்குப் பெயர் இருக்கிறது, முகம் இருக்கிறது. வெயில் வெயிலாகவே இருக்கிறது. மரக்காணத்துக்குக் கேமராவோடு போகிற ஒவ்வொருவரும் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

*

பட்டைக்குத் தெரிவது எண் மட்டும்தான். இதுதான் விஷயத்தின் மையம்.

திண்டிவனம் என்ற பெயர் திந்திரிணி வனத்திலிருந்து வந்தது என்பார்கள். புளியங்காடு. நாற்கரச் சாலை போட்டபோது சாலையோர மரங்கள் நிறைய போய்விட்டன என்றாலும், உள்ளே கிராமத்துப் பக்கம் இன்னும் புளியமர நிழல் உண்டு. அப்படி ஒரு நிழலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நிற்கிறார். பக்கத்தில் வெயிலில் சட்டை போடாத கருத்த தோள் ஒன்று. நல்ல மர நிழலில் வெளிச்சம் வெயிலைவிட மூன்று ஸ்டாப் குறைவு, அதாவது எட்டில் ஒரு பங்கு. வெள்ளைச் சட்டையின் 90 சதவீதத்தை எட்டால் வகுத்தால் 11 வருகிறது. கருத்த தோளின் பத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சென்சாருக்கு இரண்டும் ஒன்றே. நம் கண்ணுக்கு அப்படி இல்லை. அது நிழலில் இருக்கிற வெள்ளை, இது வெயிலில் இருக்கிற கருப்பு என்று யோசிக்காமலே பிரித்துவிடுகிறோம். எட்வர்ட் அடெல்சன் 1995-ல் செய்த சதுரங்கப் பலகைப் படத்தை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். உருளையின் நிழல் விழுகிற 'வெள்ளை'க் கட்டமும் வெளியே இருக்கிற 'கருப்பு'க் கட்டமும் ஒரே சாம்பல். தாளால் மறைத்துப் பார்த்தாலொழிய நம்ப முடியாது. விழுகிற வெளிச்சத்தையும் பொருளின் நிறத்தையும் பிரித்துப் பார்ப்பது மூளையின் வேலை. ஷேடோஸ் பட்டைக்கு அந்த மூளை இல்லை. எண் குறைவாக இருக்கிற இடமெல்லாம் அதற்கு நிழல். நிழல் என்றால் சரிசெய்ய வேண்டிய ஒன்று.

அதனால் அது வெயிலில் நிற்கிற கருத்த தோளையும் 'மீட்கிறது'. எதிலிருந்து மீட்கிறது என்று கேட்டால் அதன் நிறத்திலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம், இதைப் பயிற்சி வீடியோக்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வெளுத்த முகத்தின் வடிவத்தை நமக்குச் சொல்வது அதன் நிழல்கள்: மூக்கோரம், தாடைக்குக் கீழ். கருத்த முகத்தின் வடிவத்தைச் சொல்வதில் பெரிய பங்கு அதன் மினுமினுப்புக்கு. கன்ன எலும்பில், நெற்றியில், மூக்கு நுனியில் வெளிச்சம் வந்து நிற்கிற அந்தச் சின்னப் பளபளப்பு. எண்ணெய் தடவிய கருங்கல் சிலையை யோசித்துப் பாருங்கள். கண்ணும் உதடும் அந்தப் பளபளப்பில்தான் எழுந்து வருகின்றன. இப்போது அந்த முதல் பாடத்தை இந்த முகத்தில் போட்டுப் பாருங்கள். ஷேடோஸ் ப்ளஸ் 100 தோலைச் சாம்பலாக்குகிறது. ஹைலைட்ஸ் மைனஸ் 100 மினுமினுப்பை அணைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் முகம் தட்டையாகிவிடும். இரண்டாவது மரக்காணப் படத்தின் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

இது பழைய வழக்கம்தான். ஸ்டுடியோவில் ஒரு கண்ணாடி, அதன் கீழே ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா. "முகத்தைக் கழுவிட்டுப் பவுடர் போட்டுட்டு வாம்மா." பவுடர் செய்வதும் இதையேதான்: மினுமினுப்பை எடுத்துவிடும், தோலை ஒரு படி மேலே ஏற்றும். ஃபிலிம் காலத்தில் அது போதாமல் நெகட்டிவில் முகத்தின் மேல் பென்சிலால் நுணுக்கி நுணுக்கி 'டச்சிங்' செய்வார்கள். நெகட்டிவில் கருப்பு கூடினால் பிரிண்டில் வெளுப்பு. பட்டைகள் வந்த பிறகு பென்சில்தான் போனது.

'மூன்லைட்' படத்தில் ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் லாக்ஸ்டன் கருப்பு நடிகர்களின் தோல் ஈரமாக மின்ன வேண்டும் என்று எடுத்தார். பவுடரை ஒதுக்கி எண்ணெய் தடவினார்கள். நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தில் அர்ச்சனாவின் முகத்தைப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக வருகிறது. மறுபக்கம் இருட்டாகத்தான் இருக்கிறது. அந்த முகத்தை யாரும் எதிலிருந்தும் மீட்கவில்லை, நமக்குத் தெரிய வேண்டியது எல்லாம் தெரிகிறது.

*

கல்யாண ஆல்பத்துக்கு வருவோம். அங்கேதான் இது காசாகிறது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் 'பர்ன்' என்று ஒரு சொல் உண்டு. "மாப்பிள்ளை வேட்டி பர்ன் ஆயிடுச்சிண்ணா." வெள்ளை முழுக்க எரிந்து மடிப்பு தெரியாமல் போனால் அது பர்ன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மல்லிகை மாலை, வீடியோ லைட். இத்தனைக்கும் நடுவில் ஒரு கருத்த மாப்பிள்ளை. மரக்காணத்தின் கணக்குதான், உப்புக்குப் பதில் வேட்டி. ஆனால் மரக்காணத்துப் பெண்ணை யாரும் ஆல்பம் பார்க்கக் கூப்பிடுவதில்லை. இங்கே படத்தில் இருக்கிறவர்களே வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

"கொஞ்சம் ஏத்துப்பா" என்பார் பெண்ணின் மாமா. எதை ஏற்ற வேண்டும் என்று அவரும் சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன். "பளிச்சுனு இருக்கணும்." பளிச் என்பது அழகான சொல். விளக்கிய பித்தளைக் குடம் பளிச்சென்று இருக்கும், மழை விட்ட பிறகு இலை பளிச்சென்று இருக்கும். இரண்டும் வெளுத்துப்போவதில்லை. எங்கள் தொழிலில் மட்டும் பளிச் என்றால் வெளுப்பு என்று ஆகிவிட்டது. ஃபிளெக்ஸ் பேனர்களைப் பாருங்கள்; தலைவர்கள் தேர்தலுக்குத் தேர்தல் நிறம் ஏறிக்கொண்டே போகிறார்கள்.

ஒரு பெண், கல்யாணமாகி இரண்டு மாதம் இருக்கும், வேறொரு இடத்தில் டிசைன் செய்து வந்த தன் ஆல்பத்தை என்னிடம் கொண்டுவந்தாள். மோதிரம் மாற்றுகிற பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். முகத்தை ஏற்றியவர் கையை விட்டுவிட்டார். "அண்ணா, இதுல கை மட்டுந்தான் நானு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் கேட்டது முகத்தையும் கையோடு சேர்க்கச் சொல்லித்தான். பக்கத்தில் நின்ற அவள் அம்மா, கையையும் முகத்தோடு சேர்த்துவிடக் கூடாதா என்று கேட்டார்.

செய்கிற வழி ஒன்று இருக்கிறது, கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். முகத்தை மாஸ்க் போட்டுத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஷேடோஸைத் தொடாதீர்கள். எக்ஸ்போஷரை ஏற்றுங்கள், அரை ஸ்டாப், முக்கால் ஸ்டாப். எக்ஸ்போஷர் எல்லா எண்ணையும் ஒரே மடங்கில் பெருக்குகிறது. கன்னத்துக்கும் கன்னத்தின் மினுமினுப்புக்கும் இடையில் இருந்த விகிதம் மாறாது. அந்த முகத்தில் உண்மையிலேயே இன்னொரு விளக்கு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ அது ஆகும். ஷேடோஸ் பட்டை அந்த விகிதத்தையே நசுக்குகிறது. முகத்தின் ஹைலைட்ஸை அப்படியே விடுங்கள். வேட்டிக்கு வேண்டுமானால் மைனஸில் போங்கள், வேட்டி கோபித்துக்கொள்ளாது. இப்படிச் செய்த படத்தைப் பார்த்து அந்த மாமாக்களில் பாதிப் பேர் திருப்தியாகப் போகிறார்கள். அவர்கள் கேட்டது பல நேரம் வெளிச்சத்தைத்தான். அதைச் சொல்ல அவர்களிடம் இருந்த சொல் வெளுப்பு.

மீதிப் பாதிக்கு என்னிடம் பட்டை இல்லை.

*

கோடாக் கதை பலருக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். கலர் லேப்களில் நிறம் சரிபார்க்க 'ஷெர்லி கார்டு' என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கருத்த தோல் அந்தக் கலர் ஃபிலிமில் விவரமில்லாமல் போனது. லோர்னா ராத் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதிய கட்டுரையில் ஒரு தகவல் வருகிறது: 1960, 70-களில் ஃபிலிமில் பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்று கோடாக்கிடம் வற்புறுத்தியவர்கள் மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும். தேக்குக்கும் கருங்காலிக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும், மில்க் சாக்லேட்டுக்கும் டார்க் சாக்லேட்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். மனிதர்கள் அந்தச் சலுகையில் பின்னால் ஏறிக்கொண்டார்கள்.

இப்போது போன் கேமரா. ஒரு கிளிக்கில் பல ஃபிரேம்களைக் கொஞ்சம் இருட்டாக எடுத்து, ஒன்றாகச் சேர்த்து நாய்ஸைக் குறைத்து, நிழலைத் தூக்கித் தருகிறது. முன்பு நான் உட்கார்ந்து இழுத்த பட்டையை அதுவே, என்னைக் கேட்காமல், படம் திரையில் வருவதற்கு முன்பே இழுத்துவிடுகிறது. 2021-ல் கூகுள் பிக்சல் 6-இல் 'ரியல் டோன்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கருத்த தோலைக் கருத்த தோலாகவே காட்டுவது ஒரு வசதியாக விளம்பரம் செய்யப்பட்டது. நல்ல விஷயம்தான். அது விளம்பரப்படுத்த வேண்டிய வசதியாக இருந்தது என்பதையும் கவனிக்கலாம்.

*

இதையெல்லாம் சொன்னால் ஒரு ஆட்சேபம் வரும்: எடிட் செய்வதே பொய்தானே, கேமராவிலிருந்து வந்தபடி போட்டால் பிரச்சினை இல்லையே என்று. நான் இதை ஏற்கவில்லை. கேமராவிலிருந்து வருகிற ஜேபெக்கும் யாரோ ஒரு பொறியாளர் முன்கூட்டியே செய்துவைத்த எடிட்தான். ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் எடுத்த ஹெர்னாண்டஸ் நிலவுப் படம் உலகப் புகழ்பெற்றது. நெகட்டிவில் முன்பக்கம் மெலிந்து கிடந்ததால் 1948-ல் அந்தப் பகுதியை மட்டும் ரசாயனத்தில் தோய்த்து வலுவேற்றினார். ஷேடோஸ் பட்டைக்கு வயது அவ்வளவு. 2013-ல் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது வாங்கிய பால் ஹான்சனின் காஸா இறுதி ஊர்வலப் படத்தைப் போலி என்று சிலர் கிளப்பிவிட்டபோது, நிபுணர்கள் ரா ஃபைலோடு ஒப்பிட்டுப் பார்த்து, எதுவும் சேர்க்கப்படவில்லை, டோன் மட்டும் ஆங்காங்கே ஏற்றி இறக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். தீர்ப்பு சரி. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்குள் ஏதோ பின்வாங்குகிறது. குறுகிய சந்தில் அழுதுகொண்டு வருகிறவர்களின் முகமெல்லாம் ஸ்டுடியோ விளக்கில் நனைந்தது போல இருக்கிறது. பொய் இல்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

என் அளவுகோல் அதுதான். படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று என் உடம்புக்குத் தெரிய வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மாவுக்கும் ஈஸ்வரனுக்கும் விஷ்ணுவுக்கும் செய்த இடம் என்று அங்கே இருக்கிற கல்வெட்டு சொல்கிறது. முகப்பின் இரண்டு கோடியிலும் துவாரபாலகர்கள் வெயிலில் நிற்கிறார்கள். உள்ளே தூண் வரிசை தாண்டினால் அரை வெளிச்சம். அதற்கும் உள்ளே மூன்று சின்ன அறைகள். வெயில், அரை வெளிச்சம், இருட்டு என்று படிப்படியாக இறங்கும்படி பாறையைக் குடைந்திருக்கிறார்கள். கட்டடம் என்று அங்கே இருப்பது இந்த இறக்கம்தான். இணையத்தில் கிடைக்கிற படங்களில் இந்த மூன்றும் ஒரே வெளிச்சத்தில் இருக்கின்றன. மூன்று எக்ஸ்போஷர் எடுத்துச் சேர்த்தது, அல்லது போனே சேர்த்துக்கொண்டது. அறைகளின் உட்சுவர் வரை பளிச்சென்று தெரிகிறது. உள்ளே சிலை எதுவும் இல்லை. இருட்டில் இருந்தவரை அது ஒரு கருவறை, இந்தப் படங்களில் அது காலி அறை. தொல்லியல் ஆவணத்துக்கு இப்படித்தான் எடுக்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. மற்றவர்கள் எடுக்கும்போது அந்த இருட்டை விட்டுவிடலாம்.

*

கூவாகம் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. 2019-ல் மாவட்டம் பிரிந்த பிறகும் சித்திரைத் திருவிழாவுக்கு லாட்ஜ்கள் நிரம்புவது விழுப்புரத்தில்தான். திருநங்கைகள் எத்தனை பேர் வருகிறார்களோ, அவர்களைச் சுற்றி அதே அளவுக்குக் கேமராவும் வந்துவிடும் போலிருக்கும்.

இரவு தாலி. மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை. அந்தக் காலை வெயிலில் எடுத்த படங்களில் வெள்ளைப் புடவை பெரும்பாலும் பர்ன் ஆகியிருக்கும். ரா ஃபைல் இருந்தால் கொஞ்சம் திரும்பும். சென்சாரில் சாதாரணமாகப் பச்சை முதலில் நிரம்பி வழிகிறது. சிவப்பிலும் நீலத்திலும் மிச்சம் இருந்தால் அதை வைத்து சாஃப்ட்வேர் ஊகித்துக்கொள்ளும். அந்த ஊகம் பெரும்பாலும் வெள்ளை நோக்கித்தான் போகும். அதனால் வெள்ளைப் புடவைக்கு அது பொருந்திவிடுகிறது, மஞ்சள் பூசிய கன்னத்தில் அதே ஊகம் தோற்றுப்போகிறது. இந்த இடத்தில் ஹைலைட்ஸ் பட்டைக்கு நான் நன்றி சொல்வேன். அந்தப் புடவை கசங்கியிருக்கிறது, மடிப்பு கலைந்திருக்கிறது, அழுது உட்கார்ந்து எழுந்த மண் அதில் ஒட்டியிருக்கிறது. எரிந்த வெள்ளையில் இது எதுவும் இல்லை, வெறும் ஓட்டை. ஒருவர் துக்கத்துக்கென்று உடுத்தின துணியில் மண் தெரிய வேண்டும்.

தாலி கட்டுகிற இரவுப் படங்களில் வேறொன்று நடக்கிறது. நண்பர் ஒருவர் எடுத்த ஃபைல்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கோயில் வாசலில் குழல்விளக்கு வெளிச்சம், முன்னால் கழுத்து நீட்டி நிற்கிற ஒரு திருநங்கை, சிரிப்பு, நெற்றியில் வியர்வை மின்னுகிறது. நல்ல படம். பின்னால் முழு இருட்டு. இருட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஷேடோஸை ஏற்றினேன். எல்லா எடிட்டரும் செய்வதுதான், பிறகு இறக்கிக்கொள்ளலாம். வரிசைக்கு வெளியே தூண் ஓரத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கட்டம் போட்ட சட்டை, தலையில் துண்டு. கழுத்தில் புது மஞ்சள் கயிறு. சுற்றுவட்டாரக் கிராமங்களில் வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொள்கிற ஆண்களும் உண்டு. அவர் அப்படி ஒருவராக இருக்கலாம். வீட்டுக்குத் தெரியாமல் வந்தவராகவும் இருக்கலாம். கேமராவை அவர் பார்க்கவில்லை. நாய்ஸுக்கு நடுவிலும் முகம் அடையாளம் தெரியும்படி இருந்தது.

முன்னால் இருக்கிறவர் படமெடுக்கச் சம்மதித்து நின்றவர். பின்னால் இருந்தவர் இருட்டைப் பார்த்து அங்கே போய் நின்றவர்.

நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இவர் இங்க இருந்தாரா?" என்றார். ஷேடோஸை மைனஸ் 40-க்குக் கொண்டுபோனேன், போதவில்லை, பிளாக்ஸையும் இறக்கினேன். தூணும் போனது. 2015-ல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியின் கடைசிக்கு முந்தைய சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு படங்களைத் தள்ளுபடி செய்தார்கள். இருந்த ஒன்றைக் கருப்படித்து இல்லாமல் ஆக்குவதும் அந்தக் குற்றங்களில் ஒன்று. இந்தப் படம் எந்தப் போட்டிக்கும் போகாது. ஜேபெக்கில் அந்த இடத்தின் எண் இப்போது பூஜ்ஜியம், எந்தப் பட்டையை எவ்வளவு இழுத்தாலும் அங்கிருந்து ஒன்றும் வராது. ரா ஃபைலில் அவர் இன்னும் இருக்கிறார். அதை என்ன செய்வது என்று நண்பர் கேட்டார், ஒரு டீ குடித்துவிட்டு வந்தோம், இன்னும் முடிவு செய்யவில்லை.